டயல் செய்த கணினிக்குப் பெயர் வைத்தது யார்?

யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எந்தக் கணினியிலும், அது லினக்ஸ் ஆனாலும் ஆப்பிள் மேக் ஆனாலும், கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஹோஸ்ட்நேம்’ என்று தட்டினால் ஒரு சொல் பதிலாக வரும். அந்தக் கணினிக்கு வைத்த பெயர் அது. பெயரே வைக்காமல் விட்டால் லினக்ஸின் கர்னல் அடைப்புக்குறிக்குள் ‘நன்’ என்று போட்டு, எதுவுமில்லை என்பதையே பெயராக்கிவிடும். இன்று இதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் மோடம் வைத்து இணையத்துக்குப் போன 1990களில் யூனிக்ஸ் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கணினிக்கு நாம் வைத்த பெயர் ஒன்று, இணைப்புக் கொடுத்தவர் வைத்த பெயர் வேறொன்று. இரண்டில் எதை நம்புவது என்று மென்பொருள்கள் திண்டாடிய காலம் அது. பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்ற அந்த வழக்குக்குக் கணினி பிறப்பதற்கு முன்பே, தந்திக் காலத்திலேயே பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது.

பழைய வணிக நிறுவனங்களின் கடிதத்தாளைப் பார்த்திருப்பீர்கள். மேல்மூலையில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘கிராம்ஸ்’ என்று போட்டு ஒரு சொல் அச்சாகியிருக்கும். அதுதான் தந்தி முகவரி. தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. பெறுபவர் பெயர், கதவு எண், தெரு என்று முழு முகவரியும் எழுதினால் செய்தியைவிட முகவரிக்கே அதிகம் செலவாகும். அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் பிறகு இந்தியாவிலும் ஒரு வழக்கம் வேரூன்றியது. தந்தி அலுவலகத்தில் கட்டணம் கட்டி ஒரே ஒரு சொல்லைத் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். அந்தச் சொல்லையும் ஊர்ப்பெயரையும் எழுதினால் போதும், தந்தி வந்து சேரும். ஒரே ஊரில் ஒரு சொல் இரண்டு பேருக்குக் கிடையாது. வேறு ஊரில் வேறொருவர் அதே சொல்லைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கணினியின் பெயர், அதன் பின் ஒரு புள்ளி, அதன் பின் அது சேர்ந்த களம் என்று இன்று நாம் எழுதும் முறையின் எலும்புக்கூடு இதில் முழுசாக இருக்கிறது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில்தான் நின்றது.

தொலைபேசி இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. ஆரம்பத்தில் தொலைபேசிக்கு எண்ணே கிடையாது. இணைப்பகத்தில் இருக்கும் ஊழியரிடம் இன்னார் வீட்டைக் கொடுங்கள் என்று கேட்டால் அவர் கம்பியைச் செருகி இணைத்துவிடுவார். 1879இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் தட்டம்மை பரவியது. பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் நான்கு ஊழியர்களும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் புதிதாக வருபவர் எப்படிச் சமாளிப்பார் என்று மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற மருத்துவருக்குக் கவலை வந்ததாகவும், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடலாம் என்று அவர் யோசனை சொன்னதாகவும் வழக்கமாகச் சொல்வார்கள். அடுத்து வந்தவர் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை யாரோ போட்டிக்காரர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு. நடுவில் மனிதரே இல்லாத தானியங்கி இணைப்பகத்தை வடிவமைத்து 1891இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது வேலைக்கு வந்தது. பெயரைச் சொன்னால் இணைப்பு என்றிருந்த தொலைபேசி, எண்ணைச் சுழற்றினால்தான் இணைப்பு என்று மாறியது இப்படித்தான்.

கணினிகள் எண்ணில் தொடங்கிப் பெயருக்கு வந்தன. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வழியே முதல் செய்தி போனது. ‘லாகின்’ என்று அனுப்பத் தொடங்கி, ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி நின்றுபோனது. அப்போது நிலையங்களுக்கு எண்தான் அடையாளம்: லாஸ் ஏஞ்சலஸ் 1, ஸ்டான்ஃபோர்டு 2, சான்டா பார்பரா 3, யூட்டா 4. எண்ணிக்கை கூடியபோது ஒவ்வொரு நிலையத்தினரும் தங்கள் வசதிக்கு மற்றவர் கணினிகளுக்குப் பெயர் சூட்டிப் பட்டியல் போட்டுக்கொண்டார்கள். ஒரே கணினிக்கு இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். 1971 செப்டம்பரில் பெக்கி கார்ப் என்பவர் எல்லோருக்கும் பொதுவான பெயர்களை முன்மொழிந்து ஓர் ஆவணம் எழுதினார். அதே ஆண்டில் ரே டாம்லின்சன், பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் @ குறியால் பிரித்து முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அதுவரை பெயர் என்பது மனித வசதி. கடிதம் போய்ச் சேர வேண்டும் என்றான பிறகு, ஒரு கணினிக்கு எல்லா ஊரிலும் ஒரே பெயர் இருந்தாக வேண்டியதாயிற்று.

அந்தப் பொறுப்பு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த தகவல் மையத்துக்கு வந்தது. ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட ஒரே கோப்பை நெட்வொர்க்கில் வையுங்கள் என்று 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் எழுதிக் கேட்டார், மையமும் ஏற்றுக்கொண்டது. அதை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர், நண்பர்களுக்கு ஜேக். அவர் படித்தது வேதியியல். வேதியியல் ஆய்வுகளைத் தொகுத்து அட்டவணைப்படுத்தும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுக் கணினி உலகத்துக்கு வந்தவர். புதிதாக ஒரு கணினியை நெட்வொர்க்கில் சேர்ப்பவர்கள், அலுவலக நேரம் பார்த்து அவருடைய மையத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரைப் பதிவார்கள். அவருடைய குழு பெயரையும் முகவரியையும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பில் சேர்க்கும். எல்லோரும் அந்தக் கோப்பை அவ்வப்போது முழுதாக இறக்கிக்கொள்வார்கள். 1981 ஆகஸ்டில் அதில் இருந்தவை 213 கணினிகள். 1984 அக்டோபரில் 1,024. உலகத்தின் கணினிப் பெயர்களையெல்லாம் ஒரே அலுவலகத்தில் ஒரு சிலர் கையால் பராமரித்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புத்தான். அந்தக் கோப்பின் வாரிசு இன்றும் ஒவ்வொரு யூனிக்ஸ் கணினியிலும் ‘இடிசி’ அடைவுக்குள் அதே பெயரில் இருக்கிறது. விண்டோஸும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சிஸ்டம்32 அடைவுக்குள் துருவிப் பார்த்தால், யூனிக்ஸிலிருந்து வந்த அந்த ‘இடிசி’ அடைவே கிடைக்கும்.

ஆர்பாநெட்டில் சேர அமெரிக்க ராணுவ ஆய்வோடு தொடர்பு வேண்டும். அது இல்லாதவர்கள் கையில் இருந்தது தொலைபேசி. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970களின் நடுவில் யூயூசிபி என்ற நிரல்தொகுப்பை எழுதினார். ஒரு யூனிக்ஸ் கணினி இன்னொன்றைத் தானே டயல் செய்து, கோப்புகளைக் கொடுத்து வாங்கி, இணைப்பைத் துண்டித்துவிடும். 1978இல் அவரும் டேவிட் நோவிட்ஸும் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘யூனிக்ஸ் கணினிகளின் டயல்-அப் நெட்வொர்க்’ என்ற பொருளில் அமைந்தது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் இது பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் போனது. எண்ணைச் சுழற்றும் தொலைபேசியும் பெயரால் அழைக்கும் கணினியும் முதன்முறையாகக் கைகோத்தன. ஒவ்வொரு கணினியிலும் ஒரு கோப்பு இருக்கும்: இந்தப் பெயர்கொண்ட கணினிக்கு இந்த எண்ணை, இந்த நேரத்தில், இந்த வேகத்தில் டயல் செய்.

சொந்தப் பெயர் எங்கே எழுதியிருந்தது என்று பார்த்தால் அந்தக் காலத்தின் மனநிலை புரியும். பழைய யூனிக்ஸ்களில் ‘நான் யார்’ என்று கேட்பதைப் போன்ற பெயருடைய ஒரு தலைப்புக் கோப்பு, சி மொழி நிரல்களோடு சேர்த்துத் தொகுக்க வேண்டியது, அதில்தான் கணினியின் பெயர் ஒரு வரியாக இருக்கும். பெயரை மாற்ற நினைத்தால் அதைப் பயன்படுத்தும் நிரல்களைத் திரும்பவும் கம்பைல் செய்ய வேண்டும். கணினிக்குப் பெயர் ஒருமுறைதான் வைப்பார்கள் என்று அதை எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

யூயூசிபி உலகத்தில் ஃபைன்லரைப் போல யாரும் இல்லை. எந்தப் பெயரையும் யாரும் வைத்துக்கொள்ளலாம். ஏழு எழுத்துக்குள் இருந்தால் நல்லது, பக்கத்தில் இருப்பவர் அதே பெயரை வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. இதனால் கடிதம் அனுப்புபவர் வழியையே முகவரியாக எழுத வேண்டியிருந்தது: இந்தக் கணினி, ஆச்சரியக்குறி, அடுத்த கணினி, ஆச்சரியக்குறி, இப்படிக் கடைசியில் ஆளின் பெயர். மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெரிய கணினி ஒன்றில் தொடங்கி, அங்கிருந்து தங்களிடம் வரும் வழியைச் சொல்வார்கள். இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில்லில் ஏடி அண்ட் டி நிறுவனத்திடம் இருந்த ‘ஐஎச்என்பி4’ அப்படி ஒரு கணினி. யார் யாருடைய கடிதங்களையோ சளைக்காமல் கைமாற்றிவிட்டது. டிஜிட்டல் நிறுவனத்தின் ‘டெக்வாக்ஸ்’ இன்னொன்று. வழி தேடும் தொல்லையைக் குறைக்கப் பீட்டர் ஹனிமனும் ஸ்டீவ் பெல்லோவினும் ‘பாத்அலயஸ்’ என்ற நிரலை எழுதினார்கள். யார் யாரை டயல் செய்கிறார்கள் என்ற பட்டியலைக் கொடுத்தால் அது மலிவான பாதையைக் கணக்குப் போட்டுச் சொல்லும்.

இங்கே ஒரு குறும்பின் வரலாற்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1984 ஏப்ரல் 1 அன்று, சோவியத் ஒன்றியம் யூஸ்நெட் என்ற செய்திக்குழு வலையில் சேர்ந்துவிட்டது என்று அதன் தலைவர் செர்னென்கோவின் பெயரில் ஒரு செய்தி பரவியது. அனுப்பிய கணினியின் பெயர் ‘கிரெம்வாக்ஸ்’. அப்போது பல்கலைக்கழகங்களில் எங்கு பார்த்தாலும் டிஜிட்டலின் வாக்ஸ் கணினிகள், பலவற்றின் பெயரும் வாக்ஸ் என்றே முடியும். அதனால் கிரெம்ளினில் இருப்பது கிரெம்வாக்ஸ் என்று பலரும் நம்பிவிட்டார்கள். எழுதியவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த பீட் பீர்டெமா. சில ஆண்டுகள் கழித்து மாஸ்கோ உண்மையாகவே நெட்வொர்க்கில் சேர்ந்தபோது, அங்கிருந்த டெமோஸ் என்ற அமைப்பினர் அந்த விளையாட்டை மறக்காமல் தங்கள் கணினி ஒன்றுக்குக் ‘கிரெம்வாக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். 1991 ஆகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது மாஸ்கோவிலிருந்து வெளியே போன செய்திகளில் அந்தக் கணினிக்கும் பங்கு உண்டு. பொய்யாகப் பிறந்த பெயர் ஒன்று மெய்யான கணினியில் குடியேறியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்தியாவுக்கும் இந்தப் பெயர்கள் தொலைபேசிக் கம்பி வழியேதான் வந்தன. 1986இல் தொடங்கிய எர்நெட், சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைக்க வந்த திட்டம். அதன் ஆரம்ப நாட்களின் மின்னஞ்சல் யூயூசிபியில் ஓடியது. பம்பாயில் அந்தப் பணிக்கு முன்நின்றவர்களில் ஒருவர் சீனிவாசன் ரமணி. பிறகு இணையத்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர்.

இதற்கிடையில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸை வெளியிட்டது. நாம் தட்டும் ‘ஹோஸ்ட்நேம்’ கட்டளை பிறந்தது அதில்தான். பெயரைக் கேட்கவும் வைக்கவும் கர்னலிலேயே இரண்டு அழைப்புகள் வந்தன. கணினி எழும்பும்போது ஓடும் கோப்பில் ஒரு வரி எழுதினால் பெயர் வைத்தாகிவிட்டது, கம்பைல் செய்யும் வேலை இல்லை. அதே 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறையை, அதாவது டிஎன்எஸ்ஸை, இரண்டு ஆவணங்களில் விவரித்தார். பெயர்ச் சிக்கலைத் தீர்க்க வந்த ஐந்து யோசனைகளையும் சமரசப்படுத்தித் தரும்படி ஜான் போஸ்டல் அவரிடம் கேட்டிருந்தார். அவரோ எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஆறாவதாக ஒன்றைச் செய்தார். தந்தி அலுவலகம் போல ஒவ்வொரு களமும் தன் எல்லைக்குள் பெயர் கொடுக்கும், மற்ற இடத்தைப் பற்றிக் கவலைப்படாது.

இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததில்தான் பின்னால் வந்த தகராறின் வேர் இருக்கிறது. கர்னலுக்குள் ஒரு பெயர், அது கணினி தன்னைப் பற்றிச் சொல்வது. டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர், அது உலகம் அந்தக் கணினியைப் பற்றிச் சொல்வது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த இயந்திரமும் கட்டாயப்படுத்தவில்லை. பல்கலைக்கழகத்தில் நிரந்தர இணைப்போடு இருந்த கணினிகளில் நிர்வாகி இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தார். அதனால் எல்லா மென்பொருளும் இரண்டும் ஒன்றே என்று நம்பி எழுதப்பட்டன.

பெயருக்கான இலக்கணமும் அந்தக் காலத்ததுதான். ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும். முதலெழுத்து எண்ணாக இருக்கக் கூடாது என்றது 1985ஆம் ஆண்டு விதி. 1989இல் அந்தக் கடைசி நிபந்தனை தளர்ந்தது. 3காம் போன்ற நிறுவனப் பெயர்களே எண்ணில் தொடங்கும்போது வேறென்ன செய்வது? இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே உயர்நிலைக் களப்பெயர்கள் இன்று நமக்கு இருக்கின்றன. ஆனாலும் பழைய இலக்கணத்தை மீறாமல் இருப்பதற்காக, கம்பிக்குள் போகும்போது அவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சரமாக மாறித்தான் பயணம் செய்கின்றன. 1990இல் டான் லைப்ஸ், கணினிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று ஓர் ஆவணமே எழுதினார். பூக்கள், தனிமங்கள், புராணப் பாத்திரங்கள் என்று ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள், அன்றாடம் பேச்சில் வரும் சொல்லை வைக்காதீர்கள் என்பவை அவருடைய அறிவுரைகள். இன்றும் மாற்ற ஒன்றும் இல்லாத ஆவணம் அது.

வீட்டுக்கு இணையம் வந்த கதை ரிக் ஆடம்ஸிடம் தொடங்குகிறது. 1984இல் அவர் பெர்க்லி யூனிக்ஸில் ‘ஸ்லிப்’ என்ற நெறிமுறையைச் சேர்த்தார். தொலைபேசிக் கம்பியில் இணையப் பொட்டலங்களை அனுப்ப அது போதும். எந்த முகவரி உனக்கு என்று சொல்லும் வழி மட்டும் அதில் இல்லை. 1989 முதல் படிப்படியாக உருவாகி 1994இல் நிலைபெற்ற ‘பிபிபி’ அந்தக் குறையைத் தீர்த்தது. மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் எதிர்முனை ஒரு முகவரியைக் கையில் கொடுக்கும். இணைப்பைத் துண்டித்தால் அது போய்விடும், மறுபடி டயல் செய்தால் வேறொன்று. அந்த முகவரிக்கு நிறுவனம் ஏற்கெனவே ஒரு பெயரும் எழுதி வைத்திருக்கும்: டயல்-அப், ஏதோ ஓர் எண், நிறுவனத்தின் பெயர். முதன்முறையாக ஒரு யூனிக்ஸ் கணினி தன் ஆயுளின் பெரும்பகுதியில் எந்த நெட்வொர்க்கிலும் இல்லாமல், சில மணி நேரம் மட்டும் கடன்வாங்கிய முகவரியில் வாழத் தொடங்கியது.

அப்போது வீடுகளுக்கு வந்த யூனிக்ஸ் பெரும்பாலும் லினக்ஸ். 1993இல் வெளியான ஸ்லாக்வேர் தொகுப்பை நிறுவினால் அது தானாக வைக்கும் பெயர் ‘டார்க்ஸ்டார்’. தொகுத்த பேட்ரிக் வோல்கர்டிங், கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர். அவர்களுடைய பாட்டு ஒன்றுக்கும் அதுவே பெயர். மாற்றத் தெரியாதவர்களும் மாற்ற மனமில்லாதவர்களும் அப்படியே விட்டதில், உலகமெங்கும் எண்ணற்ற டார்க்ஸ்டார்கள். ரெட் ஹாட் நிறுவியவர்கள் வீட்டில் ‘லோக்கல்ஹோஸ்ட், புள்ளி, லோக்கல்டொமைன்’.

இனி சிக்கலைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கணினியை எழுப்புகிறீர்கள். வரிகள் ஓடுகின்றன. ‘சென்ட்மெயில்’ தொடங்குகிறது என்ற வரியில் திரை அப்படியே நிற்கிறது. எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய அந்த அஞ்சல் நிரலுக்குத் தன் கணினியின் முழுப்பெயர் தெரிந்தாக வேண்டும். கர்னலிடம் கேட்டால் ‘டார்க்ஸ்டார்’ என்கிறது. களம் எங்கே என்று டிஎன்எஸ்ஸைக் கேட்கலாம் என்றால் மோடம் இன்னும் டயல் செய்யவே இல்லை. முழுமையற்ற என் பெயர் யாருக்கும் தெரியவில்லை, மறுபடி முயலும்வரை உறங்குகிறேன் என்று ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அந்த நிரல் 60 விநாடி உறங்கும். கணினி கெட்டுவிட்டது என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் மறுதொடக்கப் பொத்தானை அழுத்தியவர்கள் ஏராளம்.

தேவைப்படும்போது தானே டயல் செய்யும் ‘டயால்டி’ போன்ற நிரல்களைப் போட்டவர்களுக்கு வேறு அனுபவம். நள்ளிரவில் யாரும் தொடாமலே மோடம் எழுந்து டயல் செய்யும். காரணம் தேடினால், ஏதோ ஒரு நிரல் தன் கணினியின் பெயருக்கு முகவரி என்ன என்று வெளியுலகத்தைக் கேட்டிருக்கும். அமெரிக்காவில் உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை, அதனால் அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரக் கணக்கில் மீட்டர் ஓடிய ஐரோப்பிய நாடுகளில் மாதக் கடைசியில்தான் விஷயம் தெரியவந்தது, தொலைபேசிக் கட்டண ரசீதாக.

சிலர் நேர்வழி என்று நினைத்து இன்னொன்று செய்தார்கள். பிபிபி இணைப்பு வந்ததும் ‘ஐபி-அப்’ என்ற ஒரு சிறு நிரல் தானாக ஓடும். நிறுவனம் கொடுத்த பெயரையே கணினியின் பெயராக மாற்றும் கட்டளையை அதில் எழுதிவிட்டார்கள். இப்போது இரண்டும் ஒன்றுதானே? சென்ட்மெயில் சமாதானமானது. ஆனால் திரையில் புதிதாக ஒரு சாளரம் திறக்க முயன்றால் திறக்க மறுத்தது. யூனிக்ஸின் சாளர முறையான எக்ஸ், இந்தத் திரையில் வரைய யாருக்கு அனுமதி என்ற ரகசியச் சாவியைக் கணினியின் பெயரோடு சேர்த்து ஒரு கோப்பில் பூட்டி வைத்திருக்கும். பெயர் மாறியதும், அதே ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், அவர் அந்நியர். டயல் செய்வதற்கு முன் திறந்த சாளரங்கள் வேலை செய்யும், டயல் செய்தபின் திறப்பவை வேலை செய்யா.

பிபிபி நிரலுக்குள்ளேயே ஒரு பொறியும் இருந்தது. உள்நுழையும் பயனர் பெயர் எது என்று நீங்கள் எழுத மறந்தால், அது கணினியின் பெயரையே நிறுவனத்திடம் கொடுத்துவிடும். டார்க்ஸ்டார் என்று நம்மிடம் யாரும் சந்தாதாரர் இல்லையே என்று எதிர்முனை கதவைச் சாத்தும். எல்லாவற்றையும் தாண்டி அனுப்பிய மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால், உலகத்தின் ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைக்கும் பெயர் அது, எங்கே பதில் அனுப்புவது? பல வழங்கிகள் ஏற்க மறுத்தன.

மெல்ல மெல்ல ஒரு தெளிவு பிறந்தது. கணினியின் பெயர் வீட்டுக்காரருடையது, அதை இணைப்புக்காக மாற்றக் கூடாது. கடிதத்தின் மேல் போட வேண்டிய பெயரைச் சென்ட்மெயிலுக்குத் தனியாகச் சொல்லிவிடலாம். முகமூடி போடும் வசதி அதில் இருக்கிறது. சொந்தப் பெயருக்கு முகவரி கேட்டு எந்த நிரலும் வெளியே போகாதபடி ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் மோடமும் தூங்கும், நாமும் தூங்கலாம். ஃபைன்லரின் பட்டியலில் பிறந்த கோப்பு, டிஎன்எஸ் வந்தபின் பழசாகிப்போனது என்று ஒதுக்கப்பட்ட கோப்பு, டயல்-அப் வீடுகளைக் காப்பாற்றியது.

நம் ஊர் டயல்-அப்பில் பெயர்க் கதை இன்னொரு விதமாக நடந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மலிவான ‘ஷெல்’ கணக்கு எடுத்தவர்களின் கணினி இணையத்தில் சேரவே இல்லை. மோடம் வழியாக அவர்கள் போய் உட்கார்ந்தது விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் கணினியில். எழுத்துகள் மட்டுமே தெரியும் திரை, பைன் நிரலில் அஞ்சல், லிங்ஸ் நிரலில் இணையம். மதராஸில் இருந்த அந்தக் கணினியின் பெயர் ‘ஜியாஸ்எம்டி01’. சந்தாதாரரின் மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் அந்தப் பெயர் அப்படியே வரும். நிறுவன முகவரி அட்டைகளில், பத்திரிகை விளம்பரங்களில், கல்யாண அழைப்பிதழ்களில்கூட ஒரு யூனிக்ஸ் கணினியின் ஹோஸ்ட்நேம் அச்சாகி ஊரெங்கும் உலவியது. 1996இல் நகரம் சென்னை ஆனது. கணினிகள் எம்டி2, எம்டி3 என்றே பெருகின. மதராஸ் என்ற பெயர் பலருடைய மின்னஞ்சலில் இரண்டு எழுத்தாக நெடுநாள் நீடித்தது.

உலகெங்கும் ஷெல் கணக்கில் அடைபட்டவர்களுக்காக 1990களின் நடுவில் ‘ஸ்லர்ப்’ என்ற நிரல் வந்தது. ஷெல்லுக்குள் அதை ஓடவிட்டால் முழு இணைப்பைப் போலவே நடிக்கும். எல்லோருக்கும் அது கொடுத்த முகவரி 10.0.2.15. டயல்-அப் மறைந்தது, ஸ்லர்ப் மறையவில்லை. கியூஎமு என்ற மெய்நிகர் கணினித் தொகுப்பு அதன் நிரல் வரிகளை எடுத்துத் தன் நெட்வொர்க் பகுதியாக்கிக்கொண்டது. இன்று மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு லினக்ஸ் பழகும் மாணவர் முகவரியைப் பார்த்தால் வருவது அதே 10.0.2.15.

நிரந்தர இணைப்பு வந்ததும் பெயர்ச் சண்டை ஓய்ந்தது என்று சொல்ல முடியாது, இடம் மாறியது. 2006 நவம்பரில் லினக்ஸ் 2.6.19, ஒரே கர்னலுக்குள் பல பெயர்கள் இருக்க வழி செய்தது. அதன்மேல் எழுந்த டாக்கர், ஒவ்வொரு கொள்கலனுக்கும் 12 இலக்கச் சரம் ஒன்றைப் பெயராக வைக்கிறது. நிமிடத்தில் பிறந்து நிமிடத்தில் மறையும் கணினிக்கு அது போதும். வீடுகளிலும் அலுவலகங்களிலும் டயல்-அப் காலத்திலிருந்து இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட ‘ஹோம்’, ‘கார்ப்’ என்ற களங்கள் எவ்வளவு பரவியிருந்தன என்றால், அவற்றை யாருக்கும் விற்பதில்லை என்று களப்பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2018இல் முடிவெடுத்தது. அதே ஆண்டு வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ‘ஹோம், புள்ளி, ஆர்பா’ ஒதுக்கப்பட்டது. அந்த ஆர்பா, 1969இன் ஆர்பாநெட்டிலிருந்து எஞ்சிய பெயர். 2024 ஜூலையில் ‘இன்டர்னல்’ என்ற களமும் சொந்த உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டது.

உங்கள் வீட்டில் லினக்ஸ் கணினி இருந்தால் இன்றே அதற்குப் பிடித்த ஒரு பெயரை வையுங்கள். சிறிய ஆங்கில எழுத்துகளில், குறுகியதாக, உங்கள் சொந்தப் பெயராக இல்லாமல் இருக்கட்டும். முழுப்பெயர் கேட்கும் நிரல்களுக்காகப் பின்னால் ஹோம், புள்ளி, ஆர்பா சேருங்கள். இடிசி அடைவின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், டெபியன் பழக்கிய வழக்கப்படி, 127.0.1.1 என்ற முகவரிக்கு நேரே அந்தப் பெயரை எழுதுங்கள். இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் எத்தனை முறை மாறினாலும் அந்தப் பெயரை மாற்றாதீர்கள்.